வெறுங்காலால பந்து களிச்சாத்தான் பலனாம்!

ரப்பர்வெட்டுக்காரன்:
நேத்து குரூப்புல ஒரு மகான் எழுதியிருந்தாரு. கால்பந்து களிச்சா, அதாவது வெளையாடினா, சுகர் அண்டாது, பயலுவ சாராயக்கடைப் பக்கம் போகமாட்டானுவ, ஊரு ஒத்துமையாவும். எல்லாஞ் சரி. கடைசில ஒரு போடு: பூட்ஸெல்லாம் வெள்ளைக்காரன் வியாபாரம், வெறுங்காலால களிச்சாத்தான் பலன், பூட்ஸ் போடச் சொன்னதாலதான் 1950 உலகக்கோப்பைக்கே நாம போகலன்னு. பிள்ளையளுக்கு பூட்ஸ் வாங்க காசு பிரிவு எடுக்கிற நேரத்துல இப்படி எழுதினா எவன் ஓய் நூறு ரூபா தருவான்?

கடலோரக்காரன்:
எழுதினது நான்தான், மகான்னு மறைச்சுச் சொல்லாண்டாம். தூத்தூர்ல இருந்து நீரோடி வரைக்கும் கரையில வந்து பாரும், மணல்ல ஓடுற பயலுவளுக்க கெண்டைக்கால பாரும். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல வெறுங்காலால பிரான்ஸ்காரன வெள்ளங்குடிக்க வச்சோம். ரெண்டு பெனால்டி விட்டதாலதான் 2-1ன்னு தோத்துப்போச்சு.

ரப்பர்வெட்டுக்காரன்:
அந்த டீம்லயும் கொஞ்சபேரு பூட்ஸ் போட்டிருந்தான். 1950க்கு போகாததுக்கு பூட்ஸ் காரணமில்ல, அப்ப நம்ம ஆளுவளுக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெருசு, உலகக்கோப்பைய ஒரு பொருட்டாவே எடுக்கல. 1952ல ஹெல்சிங்கி குளிர்ல வெறுங்காலால போயி யூகோஸ்லாவியாகிட்ட 10-1 வாங்கினத ஏன் எழுதல?

கடலோரக்காரன்:
அது குளிரு. நான் கேக்கது 1948.

டீச்சரக்கா:
உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு வாரம் 150 நிமிஷம், பிள்ளைகளுக்கு தினம் 60 நிமிஷம் உடம்பு அசையணும்னு சொல்லுது. வேகமா நடந்தாக்கூட கணக்குதான். பூட்ஸா வெறுங்காலான்னு அதுல ஒரு வரி கிடையாது. அது கிடக்கட்டும், பொம்பளப்பிள்ளைங்க களிக்க நம்ம ஊர்ல எடம் எங்க இருக்கு?

கடலோரக்காரன்:
நடக்கிறது எப்ப டீச்சரே களியாச்சு? அப்ப மார்த்தாண்டம் சந்தைக்குப் போயிட்டு வர்ற எங்க அம்மையும் பிளேயர்தான். வெறுங்காலாலதான் போவா, அதையும் எழுதிக்கிடுங்க.

ரப்பர்வெட்டுக்காரன்:
எனக்க அக்கா மொவன் போன மாசம் உங்க மணல்லதான் களிச்சான். குப்பிச்சில்லு உள்ளங்கால்ல ஏறி நாலு தையல், ஒரு டிடி ஊசி. சில்லு பச்சைக் கலரு, பீர் குப்பி. சாராயக்கடைக்குப் போகாத ஊர்ல அது எப்படி வந்துது?

கடலோரக்காரன்:
அது நீங்க ஞாயிற்றுக்கிழமை கடல் பாக்க வந்து போட்டுட்டுப் போற குப்பி. எங்க இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் கால்பந்து லீக் வரைக்கும் போனான், தெரியுமா?

களியக்காவிளை_கோலி:
பூட்ஸ் போட்டுத்தானே போனாரு அண்ணா 😂

கடலோரக்காரன்:
நீ பேசாத லே. வருஷத்துல பதினோரு மாசம் அந்தக் கேரளா பக்கத்து டீமுக்கு ஏழுபேரு களிக்கிற செவன்ஸ் களிச்சிட்டு ஓணம் கழிஞ்சதும் தமிழன்னு வாறவன்.

களியக்காவிளை_கோலி:
காசு தாறான், போறேன். நீங்க தந்தது ஒரு மட்டி வாழக்குலை, அதுலயும் ரெண்டு சீப்பு காணல. அந்த ஃபைனல்ல ரெஃபரிய தெங்குல கட்டி வச்சது யாரு? அதான் ஊரு ஒத்துமையா?

ரப்பர்வெட்டுக்காரன்:
அப்படிக் கேளு மக்கா!

கடலோரக்காரன்:
கட்டல, பிடிச்சு நிறுத்தினோம். அது கோலும் இல்ல. பின்ன ஒத்துமைய பத்தி எனக்கு நீங்க ரெண்டுபேரும் படிப்பிக்காண்டாம். 2017ல ஒக்கி புயல் வந்து கடலுக்குப் போனவனுவ திரும்பாம கரையே செத்துக் கெடந்தப்ப சாயங்காலம் ஒரு சத்தம் கிடையாது, கொஞ்ச நாள் கழிச்சு சின்னப்பயலுவ அஞ்சாறுபேரு பந்த எடுத்துட்டு எறங்கினானுவ, எந்த வீட்டுலயும் ஏசல, பெரியாளுவ திண்ணையில வந்து இருந்து பாத்தாங்க, அன்னைக்குத்தான் கரையில ஆளு குரல் கேட்டுது. ஒருத்தன் கால்லயும் பூட்ஸ் இல்ல.

டீச்சரக்கா:
இத முதல்லயே எழுதியிருந்தா நான் பேசாமலே இருந்திருப்பேன்.

ரப்பர்வெட்டுக்காரன்:
சரிதான் ஓய், ஆனா அதுக்கும் பூட்ஸுக்கும் என்ன சம்பந்தம்? பிரிவுக்கு நீரு தருவீரா மாட்டீரா?

கடலோரக்காரன்:
1948க்கு பதில் சொல்லும், பெறவு தாறேன்.

களியக்காவிளை_கோலி:
அந்த ரெண்டு சீப்பு?