2003-இல் தோண்டிய மழைநீர்க் குழி: மூடவா, தூர்வாரவா?

மடிப்பாக்கத்துக்காரன்:
2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது, குடிநீர் இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்று பயந்து அப்பா காம்பவுண்ட் ஓரமாக ஒரு குழி எடுத்தார். அப்புறம் யாரும் அதைத் திறக்கவே இல்லை. நேற்று கடப்பாரையால் மூடியை நெம்பினேன். ஒன்றரை அடிக்குக் கறுப்பு வண்டல், மக்கிய பாதாம் இலை, நடுவில் ஒரு டென்னிஸ் பந்து. நான் சின்ன வயதில் தொலைத்தது. மாடிக் குழாய் வழியாக இறங்கியிருக்கும்.

பின்னால் 25 அடி உறைகிணறு உண்டு. சித்திரையில் வறண்டுவிடும், பிறகு லாரித் தண்ணீர்தான். குழியை மூடிவிட்டு எல்லா நீரையும் சம்புக்கே (தரைக்கடித் தொட்டி) விடச் சொல்கிறார் பிளம்பர். மாடி 800 சதுர அடி, சம்ப் 6,000 லிட்டர்.

பழைய மேஸ்திரி:
தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்க. 800 சதுர அடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சேதாரம் போக சுமார் 600 லிட்டர். ஐப்பசியில் ஒரே நாளில் 10 செ.மீ. கொட்டினால் உங்க சம்ப் நிறைஞ்சிடும். மிச்சம் தெருவுக்கா? சம்பின் வழிகுழாயைக் கிணற்றுக்குத் திருப்புங்க. உங்களிடம் இருப்பதிலேயே நல்ல குழி அந்தக் கிணறுதான். ஆனா நேராக விடாதீங்க. நடுவில் ஒரு டிரம் வைத்து, அடியில் கூழாங்கல், மேலே ஜல்லி, அதற்கும் மேல் மணல். முதல் மழைத் தண்ணீர் வெளியே போகட்டும், மாடியில் காக்கா எச்சம் சும்மாவா இருக்கும்!

திருவான்மியூர் மணல்:
எங்கள் பக்கம் கடல்மணல், ஊற்றுவது தெரியாது, உறிஞ்சிவிடும். 2019-இல் சென்னையின் ஏரிகள் காய்ந்தபோதும் எங்கள் கிணற்றில் இரண்டு உறை நீர் நின்றது. உங்களுக்கு மேலே களிமண் என்றால், குழியின் நடுவே களிமண்ணைத் தாண்டும்வரை துளை போட்டு ஜல்லி நிரப்புங்கள். இல்லாவிட்டால் அது கொசு வளர்க்கும் தொட்டிதான்.

மடிப்பாக்கத்துக்காரன்:
நன்றி அண்ணே, களிமண்ணேதான். ஞாயிற்றுக்கிழமை குழிக்குள் வண்டலோடு கிடந்த பழைய ஜல்லியை அள்ளிக் கழுவினோம். பத்தொன்பது சட்டி வண்டல், முருங்கைக்குப் போட்டாச்சு. நான்கு குடம் ஊற்றிப் பார்த்தேன், மாலை வரை அப்படியே நின்றது. துளை போட ஆள் சொல்லியிருக்கிறேன். கிணற்றுக்கு டிரம் வாங்கிவிட்டேன். மாடிக் குழாய் வாய்க்கு வலையும் கட்டியாச்சு, இனிமேல் பந்து போகாது.