எஃப்யூசிவ் என்றால் பாராட்டா, கிண்டலா?

பொடிநடை:
புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பயிற்சி கொடுத்த சீனியருக்கு ஆங்கிலத்தில் நன்றி சொல்லி ஒரு மெயில் போட்டேன், நான்கு பத்தி, வரிக்கு வரி ஆச்சரியக்குறி, கடைசியில் 'உங்களைப் போல ஒருவரை நான் பார்த்ததே இல்லை' என்கிற அளவுக்குப் போய்விட்டது. மெயிலின் நகல் போயிருந்த மேலாளர் "ரொம்ப எஃப்யூசிவா இருக்கே" என்று சிரித்துவிட்டுப் போனார். அகராதியில் 'உணர்ச்சியைத் தாராளமாகக் கொட்டுகிற' என்று நல்லபடியாகத்தான் போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு அந்தச் சிரிப்பு?

அரைக்காப்பி:
லத்தீனில் 'எஃபுண்டெரே' என்றால் வெளியே ஊற்றுவது. ரத்தம் ஏற்றுவதற்குச் சொல்லும் டிரான்ஸ்ஃப்யூஷனும் அதே வேர்தான். 'ஆகா ஓகோ என்று புகழ்ந்து தள்ளிவிட்டான்' என்கிறோமே, அதில் 'தள்ளிவிட்டான்' என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். புகழ்ச்சி பொய் என்று சொல்லவில்லை, அளவு கொஞ்சம் கூடிவிட்டது என்று மட்டும் காட்டுகிறது. எஃப்யூசிவும் அப்படித்தான். 'எஃப்யூசிவ் வெல்கம்' என்றால் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்கள், அதில் குறை ஒன்றுமில்லை. முன்னால் ஒரு 'டூ' அல்லது 'ரொம்ப' சேர்ந்தால்தான் சிரிப்பு வரும். ஐஸ் வைப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஐஸுக்குப் பின்னால் ஒரு காரியம் இருக்கும்.

மூணாம்வார்டு:
நான் நர்ஸ். எங்களுக்கு எஃப்யூஷன் என்றாலே நீர் கோத்துக்கொள்வதுதான், நுரையீரலைச் சுற்றிக் கோத்தால் ப்ளூரல் எஃப்யூஷன். அதிகமானால் ஊசி போட்டு எடுப்பார்கள். தம்பி மெயிலிலும் ஒரு அரை லிட்டர் எடுக்கலாம் போல!

கருங்கல்:
எரிமலைக்கும் இதே சொல் உண்டு. ஹவாயில் கீலவேயா மாதிரி குழம்பு இளகலாக இருந்து, உள்ளே இருக்கும் வாயு சுலபமாக வெளியேறி, லாவா பாட்டுக்கு வழிந்து ஓடினால் எஃப்யூசிவ். 1980 இல் செயின்ட் ஹெலன்ஸ் மலை வெடித்ததே, அது எக்ஸ்ப்ளோசிவ். அதனால் என்னைக் கேட்டால் தமிழில் 'வழிகிறான்' என்பதுதான் சரியான சொல்.

அரைக்காப்பி:
கருங்கல் சார், லாவாவுக்குச் சரி. மனுஷனை 'வழிகிறான்' என்றால் அசட்டுச் சிரிப்பும் பெண்களிடம் பல்லிளிப்பதும் சேர்ந்து வந்துவிடும், பாவம் பொடிநடை அப்படி என்ன செய்தார்? அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் 'கஷ்' ஓரளவு பக்கத்தில் வரும். குழாய் உடைந்து தண்ணீர் பீறிடுவதற்கும் அதே சொல்தான். ஒரு விமர்சனத்தை 'கஷ்ஷிங்' என்றால் எழுதியவர் நிதானம் இழந்து உருகியிருக்கிறார் என்று அர்த்தம், எஃப்யூசிவை விட அதில் குத்தல் அதிகம்.

இன்னொன்று, 'ப்ரொஃப்யூஸ்' என்று ஒரு பங்காளி இருக்கிறது, 'ஏராளமான' என்று அர்த்தம். வியர்வை, ரத்தப்போக்கு, மன்னிப்பு எல்லாம் அதன் கணக்கு. வியர்வை எஃப்யூசிவாகக் கொட்டியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பொடிநடை:
அடடா, மன்னிப்பு மெயிலுக்கு எஃப்யூசிவ் போடலாம் என்று இருந்தேன், தப்பித்தேன்! மேலாளர் என்னைத் திட்டவில்லை என்று தெரிந்ததே போதும்! அக்கா, அந்த அரை லிட்டரை நானே எடுத்துவிடுகிறேன்! அரைக்காப்பி, உங்களைப் போல இவ்வளவு பொறுமையாக விளக்குகிற ஒருவரை நான் பார்த்ததே

சரி, நிறுத்திக்கொள்கிறேன். நன்றி.