ஒரே ஊர்க்காரங்க, ஒருத்தன் காண்டோல ஒருத்தன் லாரி பின்னாடி – சிங்கப்பூர்ல இருக்கவங்க இத எப்படி எடுத்துக்குறீங்க?

அறந்தாங்கிக்காரன்:
இங்க வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது, ஐடி வேலை, எம்ப்ளாய்மென்ட் பாஸ் (ஆபீஸ் மாதிரி வேலைக்கு வர்றவங்களுக்குக் குடுக்குற அனுமதி). நான் இருக்க காண்டோவுக்கு (வசதியான தனியார் அடுக்குமாடி) பக்கத்துலயே இன்னொரு காண்டோ கட்டிட்டு இருக்காங்க. மத்தியானம் கீழ இறங்குனா தகர வேலிய ஒட்டி நடைபாதையில அட்டைய விரிச்சு பத்து பதினஞ்சு பேர் படுத்திருப்பாங்க, ரோட்டுல போறது பூரா போர்ஷும் பென்ஸும், கார் வச்சுக்குற உரிமைக்கு எடுக்குற சிஓஇ மட்டுமே லட்சம் டாலர் வரைக்கும் போற ஊரு இது. அன்னைக்கு ஒருத்தர் போன்ல "நகைய இப்ப திருப்ப வேணாம், வட்டிய மட்டும் கட்டிரு"ன்னு பேசிட்டு இருந்தாரு, பேச்சுலயே எங்க பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சுருச்சு. விசாரிச்சா ஆலங்குடி, என் வயசுதான். நான் தமிழ்ல பேசுனதும் சட்டுனு எந்திரிச்சு நின்னு "சொல்லுங்க சார்"னுட்டாரு. ஊர்ல பாத்திருந்தா "என்ன மாப்ள"ன்னுதான் பேசியிருப்போம். ரெண்டு நாளா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. உங்களுக்கும் இப்படி இருந்துச்சா, இல்ல பழகிருமா?

பழைய சைட்டு:
தம்பி, நான் 2011ல கட்டுமான வேலைக்கான ஸ்கில் டெஸ்ட் அடிச்சு வந்தவன், ஏஜென்ட்டுக்குக் குடுத்ததுல பாதி வட்டிக்கு வாங்குனது. பேசிக் சம்பளம் நாளைக்கு 18 டாலர், ஓடி (ஓவர்டைம்) இல்லாத மாசம் ஊருக்கு அனுப்ப ஒண்ணும் மிஞ்சாது. கேட்டரிங் வண்டி விடியுறதுக்கு முன்னாடியே காலைக்கும் மத்தியானத்துக்கும் சேர்த்து டார்ம்ல, அதான் தொழிலாளிங்க தங்குற விடுதில, பொட்டலத்த வச்சுட்டுப் போயிரும், மத்தியானம் பிரிச்சா சாம்பார் புளிச்ச வாடை அடிக்கும், ஊறுகாய வச்சு முழுங்கிட்டு அட்டையில சாஞ்சாதான் சாயங்காலம் வரைக்கும் உடம்பு தாங்கும். அந்தத் தூக்கத்தப் பாத்து பாவம்னு நினைக்காதீங்க, நாள்லயே அதுதான் நிம்மதி. போட்டோ மட்டும் எடுத்துப் போட்ராதீங்க, வீட்டுல ஏசி ரூம்ல சூப்பர்வைசர் வேலைன்னு சொல்லி வச்சிருப்போம் 😄

உட்லண்ட்ஸ் அக்கா:
நான் இங்கேயே பொறந்து வளர்ந்தவ. இங்க ஆள பிரிக்கிறது கையில இருக்க வேலை பாஸ்தான் தம்பி. உங்க பாஸுல மாசம் 6,000 வெள்ளி சம்பளம் இருந்தா பொண்டாட்டி பிள்ளைய கூட்டிட்டு வரலாம், சைட்டுல இருக்கவங்களோட வொர்க் பெர்மிட்டுல எத்தன வருஷம் இருந்தாலும் கூட்டிட்டு வர முடியாது, இந்த ஊர்ப் பொண்ண கட்டணும்னாகூட மினிஸ்ட்ரி அனுமதி வேணும். இன்னொண்ணு, அவங்க ஒவ்வொருத்தருக்கும் முதலாளி அரசாங்கத்துக்கு மாசாமாசம் லெவின்னு ஒரு வரி கட்டணும், கட்டுமானத்துல 2024ல இருந்து ஸ்கில் கூடுன ஆளுக்கு 500 வெள்ளி, அடிப்படை ஸ்கில்னா 900. அந்த ஆளோட பேசிக்க விட லெவி ஜாஸ்தியா இருக்கும் சில இடத்துல! இவங்கள வேலைக்கு ஏத்திட்டுப் போற லாரியையே எடுத்துக்குங்க, முன்னாடி உக்காருறவங்களுக்கு பெல்ட் கட்டாயம், பின்னாடி அத்தன பேருக்கும் பெல்ட்டே கிடையாது, சட்டப்படியே அப்படித்தான். கொரோனா வந்தப்பதான் நிறைய சிங்கப்பூர்க்காரங்களுக்கு டார்ம்னு ஒண்ணு இருக்குறதே உறைச்சுச்சு, 2020 டிசம்பர்ல கணக்கு சொன்னப்ப டார்ம்ல இருந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு தொற்று வந்து போயிருந்துச்சு.

ப்ராக்டிகல் பாஸ்:
ப்ரோ ஓவரா ஃபீல் பண்றீங்க. யாரும் கட்டி இழுத்துட்டு வரல, ஊர்ல இந்த காசு கிடைக்காதுன்னுதான வர்றாங்க, அந்த காசுல வீடு கட்டி தங்கச்சி கல்யாணம் முடிச்சவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

பழைய சைட்டு:
ப்ராக்டிகல் தம்பி, நானும் வீடு கட்டுனேன், இல்லேங்கல. ஆனா மொத ரெண்டு வருஷம் நான் சம்பாதிச்சது பூரா ஏஜென்ட் கடனுக்கே போச்சு. கடன் தலைக்கு மேல இருக்கப்ப முதலாளி என்ன சொன்னாலும் தலைய ஆட்டணும், பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டா ஊருக்கு டிக்கெட்தான்.

அறந்தாங்கிக்காரன்:
நன்றி அண்ணே, அக்கா. சும்மா வருத்தப்பட்டுட்டு இருக்காம ஏதாவது செய்யணும்னா என்ன செய்யலாம்? காசு குடுத்தா தப்பா எடுத்துக்குவாரோன்னு பயமா இருக்கு.

உட்லண்ட்ஸ் அக்கா:
காசெல்லாம் நீட்டாதீங்க, ரோஷமா இருக்கும். அடிபட்டு இல்ல சம்பளம் வராம கேஸ் நடக்குறவங்க, அது முடியுற வரைக்கும் இங்க இருக்கக் குடுக்குற ஸ்பெஷல் பாஸுல உக்காந்திருப்பாங்க, பெரும்பாலும் அவங்க வேலைக்குப் போக முடியாது, அவங்களுக்கு லிட்டில் இந்தியாவுல டிடபிள்யூசி2ங்கற (TWC2) தொழிலாளர் உதவி அமைப்பு ஆளுங்க 2008ல இருந்து இலவசமா சாப்பாடு போடுறாங்க. தமிழ் பேசுற வாலன்டியர் அங்க எப்பவும் வேணும், ஏன்னா வர்றவங்கள்ல நிறைய பேருக்கு இங்கிலீஷ் லெட்டர படிச்சு சொல்ல ஆள் இல்ல. சம்பள ஸ்லிப்ப பாக்கத் தெரிஞ்ச ஐடி பையன்னா இன்னும் நல்லது.

பழைய சைட்டு:
ஆமா. அப்புறம் அந்த ஆலங்குடிக்காரர மறுபடி பாத்தா மொதல்ல அந்த "சார்"ங்கறத நிறுத்தச் சொல்லுங்க.