புதுப்பிப்பு: ஒருவழியாக மகளிடம் பேசிவிட்டேன்

பத்து வயது மகளிடம் மாதவிடாய் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரில் போகும்போது பேசுங்கள், முகம் பார்க்க வேண்டியிருக்காது என்று ஒருவர் சொன்னது கைகொடுத்தது.

மார்பு அரும்பத் தொடங்கி ஏறக்குறைய 2 ஆண்டில் வரும் என்றேன். அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "எவ்வளவு ரத்தம் போகும்? வாளி நிறையவா?" என்றாள். பாவம், எத்தனை நாளாக இந்தப் பயமோ! வீட்டுக்கு வந்ததும், எல்லா நாளுக்கும் சேர்த்தே பெரும்பாலும் 2, 3 மேசைக்கரண்டிதான் என்று டம்ளரில் தண்ணீர் அளந்து ஊற்றிக் காட்டினேன். "இவ்வளவுதானா?" என்று டம்ளரையே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

அப்புறம் நாப்கினைப் பிரித்து ஒட்டிப் பழகினாள். முதல் தடவை பசைப் பக்கம் மேலே! 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றணும், முதல் ஓரிரு வருடம் தேதி முன்னே பின்னே போகும் என்பதையும் சொல்லியாயிற்று. ஆரம்பத்தில் பழுப்பாகவும் வரலாம் என்பதைத்தான் மறந்துவிட்டேன், இன்று சொல்லணும்.

நேற்று இரவு, "அப்பாவுக்கும் இதெல்லாம் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "சரி, அப்போ அவர்கிட்டயும் கேட்கலாம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.