‘ஃபைவ் பிரிஞ்சால்’: பயிற்சி வாக்கியங்கள் இருந்தால் கொடுங்கள்
காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுப்பவர்களிடம் ஓர் உதவி. தமிழில் ‘அஞ்சு கத்திரிக்காய் குடுங்க’ என்றால் போதும், ‘கள்’ வேண்டாம். அதே பழக்கத்தில் பிள்ளைகள் ‘ஃபைவ் பிரிஞ்சால்’ என்று எஸ் இல்லாமல் எழுதுகிறார்கள்.

மெனி, ஃபியூ, செவரலுக்குப் பின்னால் பன்மை என்பது சீக்கிரம் பிடிபடுகிறது. ‘ஈச்’, ‘எவ்ரி’க்குப் பின்னால் ஒருமைதான். ‘ஒன் ஆஃப் தி பாய்ஸ் இஸ்’: பெயர் பன்மை, வினை ஒருமை. ‘டூ ஹண்ட்ரட் ருபீஸ்’ சரி, ‘டூ ஹண்ட்ரட்ஸ் ருபீஸ்’ தப்பு.

பெரும்பாடு ‘எ லாட் ஆஃப்’தான். மேங்கோஸும் வரும், எஸ் இல்லாத ரைஸும் வரும். எண்ண முடிகிறதா பார் என்றால், அரிசியையும் மணி மணியாக எண்ணலாமே என்கிறார்கள், கேட்பது நியாயம்தான். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், ஆரணிப் பட்டு, ஆம்பூர் பிரியாணி என்று நம்ம ஊர்ச் சரக்கை வைத்துப் பத்து வாக்கியம் யாரிடமாவது இருந்தால், விடையோடு அனுப்புங்கள்.