பாதி விசுவாசத்தோடு வந்த தகப்பன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். விசுவாசம் ஆட்டம் கண்ட நாளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள். ஒரு அம்மாவாக என்னுடையதையும் சொல்கிறேன்.

நாங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயதிலிருந்து வலிப்பு. தினமும் இரண்டு வேளை மாத்திரை. ஒரு ஜெபக்கூட்டத்தில் ஊழியர் ஒருவர், "மாத்திரை வீட்டில் இருக்கிறவரை விசுவாசம் வராது" என்றார். நிறுத்திவிட்டோம். நான்காம் நாள் ராத்திரி வந்த வலிப்பு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நிற்கவே இல்லை. ஆண்டவர் கிருபை, பிழைத்துக்கொண்டாள். அப்புறமும், "உங்களுக்குத்தான் விசுவாசம் பத்தலை" என்றார்கள். ஐந்து மாதம் நான் ஆலயத்து வாசலை மிதிக்கவில்லை.

ஜனவரியில் ஏற்காட்டுக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போனோம். காப்பிப் பழம் பறிக்கிற சமயம். பக்கத்து வீட்டு ஆயா வேலை முடிந்து வந்து, இடுப்பில் கட்டிய சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்கெல்லாம் பழப் பிசின் கறுத்து ஒட்டியிருந்தது. என்னவோ, அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"மாற்கு ஒன்பது படிச்சிருக்கியா கண்ணு?" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கேட்டுக் கேட்டே மனப்பாடம். பைபிளில் மாற்கு சுவிசேஷத்தின் அந்த அதிகாரத்தில், சிறுவயது முதல் தரையில் விழுந்து நுரை தள்ளுகிற பையனை ஒரு தகப்பன் இயேசுவிடம் கொண்டுவருகிறான். அவருடைய சீஷர்களாலும் குணமாக்க முடியவில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று தகப்பன் கதறுகிறான்.

"பாதி விசுவாசத்தோடதான் வந்தான். போய் மீதியையும் கொண்டுவான்னு ஆண்டவர் திருப்பி அனுப்பினாரா?"

எத்தனையோ தடவை படித்த பகுதிதான். அன்றுதான் என் பிள்ளையை அதில் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, அதே சம்பவம் வருகிற மத்தேயு 17-ஐயும் எடுத்தேன். எங்களால் ஏன் முடியவில்லை என்று சீஷர்கள் கேட்டபோது, அவர் சுட்டிக்காட்டியது அவர்களுடைய அவிசுவாசத்தை. தகப்பனுடையதை அல்ல!

மகளுக்கு இப்போது பதினொரு வயது. மாத்திரை இன்னும் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து ஜெபித்துக் கொடுக்கிறேன். "ஆமென்" சொல்லிவிட்டுத்தான் விழுங்குவாள்.

---

சகோதரி, படித்து அழுதுவிட்டேன். நான் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். அப்பாவுக்கு இன்சுலினை நிறுத்தச் சொன்னார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. அது அவிசுவாசமோ என்று நாலு வருஷமாக உள்ளுக்குள் உறுத்தல். பவுலோடு கூடவே இருந்த லூக்காவும் வைத்தியர்தானே, கொலோசெயர் 4:14-இல் இருக்கிறதே. அந்த மாற்கு ஒன்பதை இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அப்பாவையே வாசிக்கச் சொல்லப்போகிறேன்.