பாரசீக 'நஃப்ரீன்': தமிழில் சாபம் என்ற சொல் போதுமா?

> நஃப்ரீனுக்குச் சாபம் என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. புரியும்தான். ஆனால் சாபம் என்றதும் நம் மனத்தில் துர்வாசர் வந்து நிற்கிறார். விமோசனமும் கூடவே வருகிறது. காபூல் பாரசீகத்தில் நஃப்ரீன் இட தவவலிமை எதுவும் வேண்டாம். 'கெடட்டும்' என்று வேண்டுவதோடு சரி, மற்றது ஆண்டவன் பாடு. திட்டுவதற்கு அங்கே துஷ்னாம் என்று தனிச்சொல் உண்டு. அதற்கு வசை என்பதில் இங்கே யாருக்கும் மறுப்பில்லை.

'கானெத் கராப்' என்றால் உன் வீடு பாழ். 'கானெத் ஆபாத்' என்றால் உன் வீடு செழிப்பு. இதைத்தான் அவர்கள் நன்றி சொல்லும் இடத்தில் சொல்வார்கள். இரண்டிலும் வினை கிடையாது, 'ஆகட்டும்' தொக்கி நிற்கிறது. வியங்கோளுக்கு வாழ்த்தல், வைதல் என்று நம் இலக்கணம் பொருள் பிரித்ததே, 'வாழ்க', 'கெடுக' என்று, அந்த ஜோடிதான் இது. வைதல் என்றே வைக்கலாம் என்றால், இன்று 'வைதான்' என்றால் திட்டினான் என்றாகிவிட்டது. அதனால் என் பரிந்துரை: கேடுவேண்டல்.

அப்புறம், 'காக் த சரெத்' (தெஹ்ரானில் 'காக் பர் சரெத்') என்பதை 'உன் தலையில் மண் விழ' என்று பெயர்த்திருப்பதைப் பார்த்தேன். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான் என்கிறோமே, நம்மவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். பாரசீக மரபில் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது துக்கம் காப்பவர் செய்வது. பாரசீகக் காவியமான ஷாநாமாவில் தன் கையால் மகன் சோராபைக் கொன்றுவிட்ட ருஸ்தம் புலம்பும்போது தலையெல்லாம் மண். ஆகவே 'உன் வீட்டில் இழவு விழ' என்பதே கிட்ட வரும்.

---

கேடுவேண்டல் சரி, கொஞ்சம் நீளம். கெடுகூற்று? வாழ்த்துக்கு எதிராக நிறுத்தவும் வசதி.

ஆனால் ஒன்று. குறும்பு செய்யும் பிள்ளையைக் கொஞ்சலாகவும் 'கானா கராப்' என்பார்களே? அங்கே கேடும் இல்லை, வேண்டலும் இல்லை. 'அட வீணாப்போனவனே' என்று பாட்டி சொல்வாளே, அது. பொய்க்கோபம் போலப் பொய்வைவு என்றால் ஒத்துவருமா?

---

பொய்வைவு அருமை, எடுத்துக்கொள்கிறேன். கெடுகூற்று மட்டும் வேண்டாம் அக்கா, கெட்டவார்த்தை என்று படித்துவிடுவார்கள். நீளம் இருந்துவிட்டுப் போகட்டும்.